கஜனின் வலது தோள்

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால். பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், பேருந்துக்கு ஆறரை யூரோ. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலை. என் பழைய மாணவன் ஒருவன் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். அவன் அறையில் இரண்டு பேர் கால் நீட்ட முடியாது என்பதால், ஒரேத்தோ பகுதியில் புவனம் என்ற யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டில் ஐந்து இரவுகளுக்கு எனக்கு ஓர் அறை பேசி வைத்திருந்தான். இரவுச் சாப்பாட்டோடு நாளுக்கு முப்பது யூரோ.

கதவைத் திறந்தது புவனம் அல்ல, அவர் மகன் கஜன். இருபத்தொரு வயது, நூற்றுப் பத்துக் கிலோ, நிலைப்படி அடைபட்டுப் போயிருந்தது. மதுரையில் முப்பத்தொரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்குக் கண் சும்மா இருக்குமா? "கபடியா தம்பி?" என்றேன்.

"இல்லை அங்கிள், ரக்பி. அதுதான் என்ர வேலை."

வடக்கு இத்தாலியில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறான். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முதல் வரிசை அவனுடையது. நான்கு மாதத்துக்கு முன் அந்த முட்டலில் வலது தோள் கழன்று, அறுவை சிகிச்சை செய்து, இப்போது ஓய்வுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. வியா மக்வேதா என்ற கடைத்தெருவில் என்னை நடத்திக் கூட்டிப் போனான். மூன்று யூரோவுக்கு ஓர் அரஞ்சீனா, சோற்றை உருட்டி உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்தது. ஒன்று தின்றால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம். அவன் மூன்று தின்றான், எல்லாம் இடது கையால்.

"செவ்வாய்க்கிழமை கழகத்துத் தொத்தோரே தோளைச் சோதிச்சுப் பாப்பார், அங்கிள். சரியெண்டா அடுத்த வருசக் கொன்த்ராத்தோ கையெழுத்தாகும். அதுவரைக்கும் ஒரு வாளி தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

"சரியில்லை என்றால்?"

"வேற வேலை பாக்கவேண்டியதுதான்."

வீடு திரும்பினால், தமிழர் விளையாட்டு விழாக் குழுவின் தலைவர் சிவநேசன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் விழா. கயிறிழுத்தலில் மூன்று வருடமாக போர்கோ வெக்கியோ பகுதி அணியிடம் ஒரேத்தோ தோற்றுக்கொண்டிருக்கிறதாம். "தம்பி கடைசி ஆளா நிண்டாக் காணும். இழுக்கத் தேவையில்லை," என்றார். என்ன ஒரு பேச்சு! கடைசி ஆள்தான் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு முழு அணியின் பாரத்தையும் தாங்குகிறவன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

கஜன் தோளைப் பற்றிச் சொன்னான். "ஒருக்காத்தானே தம்பி," என்றார் தலைவர். கஜன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். என்னையும் விடவில்லை. மதுரையிலிருந்து வந்த மாஸ்டர் சிறப்பு விருந்தினராம், போட்டியை நான்தான் தொடங்கி வைக்க வேண்டுமாம். குளிர்ந்து போய்ச் சரி என்றேன்.

அவர் போன பிறகு, முடியாது என்று சொன்னால் என்ன என்று புவனத்திடம் பொரிந்தேன்.

"இஞ்சை வந்த புதுசில எனக்கு ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின்ர வீட்டில வேலை எடுத்துத் தந்தது அவர்தான், மாஸ்டர். இருவத்திநாலு வருசமா அந்தச் சோறுதான் சாப்பிடுறம். அவருக்கு என்ர வாயால இல்லையெண்டு சொல்லேலாது."

இதே சிவநேசன்தான், கஜன் பள்ளியில் ரக்பி ஆடத் தொடங்கியபோது, காவாலிகளின் விளையாட்டு என்று ஊரெல்லாம் சொன்னவராம். இப்போது தம்பி, சிங்கம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை. மைதானத்தில் முந்நூறு பேர், கொத்துரொட்டி வாசனை, இத்தாலிய மொழியில் கத்தும் பிள்ளைகள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் விசிலைக் கொடுத்தார்கள். கயிற்றின் நுனியில் கஜன் நின்றான், வலது தோளின் மேல் கயிறு. எழுந்து சத்தம் போட்டிருக்க வேண்டும். அத்தனை பேர் கைதட்டும்போது விழாவைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. ஊதினேன்.

முதல் இழுப்பு ஒரேத்தோவுக்கு. இரண்டாவதற்கும் ஊதினேன். பாதியில் கஜன் மண்டியிட்டுவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"எழும்பு தம்பி, இன்னும் ஒண்டு கிடக்கு!" என்று கத்தினார் சிவநேசன். மனுசன்தானா?

திங்கட்கிழமை கஜன் இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கே பறந்தான். செவ்வாய் மாலை மூன்றரைக்குத் தொலைபேசி வந்தது. புவனம் சமையலறையில் நின்று பேசினார். தைத்த இடம் மறுபடி கிழிந்திருக்கிறது. கொன்த்ராத்தோ இல்லை. அவன் அழவில்லை. "அம்மா, சிஞ்ஞோராவுக்குத் தெரிஞ்ச ஆரும் வேலைக்கு ஆள் தேடினமோ எண்டு கேளுங்கோ," என்றான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அதே நேரம் விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் கஜன் மண்டியிட்டிருக்கும் படம் வந்தது, கீழே நூற்றுச் சொச்சம் கைகூப்பல்கள்.

புதன்கிழமை காலை ஆறே முக்கால். வேலைக்குப் போகும் வழியில் புவனம் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். மதுரையிலும் நான் எத்தனை பையன்களை "ஒண்ணும் ஆகாதுடா, ஓடு" என்று சுளுக்கிய காலோடு ஓட விட்டிருக்கிறேன்? கணக்கில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சிவநேசனைத்தான் திட்டிக்கொண்டே நடந்தேன். பேருந்து வந்தபோது புவனம் சொன்னார்.

"என்ர வாயால சொல்லேலாது மாஸ்டர், உங்களுக்குத் தெரியும். ஆனா விருந்தாளி வேண்டாமெண்டு சொன்னா ஆரும் தட்டியிருக்க மாட்டினம். அண்டைக்கு நான் கயித்தைப் பாக்கேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."