ரயில் பெட்டியில் ஏற்றிய அம்மா

தாங்கள் ஒரு வரியும் எழுதாமல், மற்றவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் முறைகளைக் கண்டுபிடிப்பவர்களை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஜோர்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளிக்கு அவ்வப்போது யாராவது ஒருவர் ஒரு முறையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒருவர் கலர் தொப்பிகளோடு வந்தார். ஒருவர் மீன் எலும்புப் படத்தோடு வந்தார். இன்னொருவர், பிள்ளைகள் கண்ணை மூடி ஆழமாக மூச்சு விட்டால் கற்பனை பெருகும் என்றார். பின்வரிசையில் குறட்டைதான் பெருகியது.

போன வருடம் வந்தவர் ரயிலோடு வந்தார். ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் பட்டம், அதற்கு மேல் இன்னும் ஒரு பதவி உயர்வுக்கு ஆசை. அதற்காக ஓர் ஆய்வு. கட்டுரை என்பது ஒரு ரயிலாம். இஞ்சின்தான் முன்னுரை, அதில் இயற்கை வருணனை இருந்தே ஆக வேண்டும். பெட்டிக்கு ஓர் உவமையும் ஒரு மரபுத்தொடரும் ஏற்ற வேண்டும். கடைசிப் பெட்டியில் நன்னெறி. எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி, லேமினேட் செய்து, பின்னால் காந்தம் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கொடிமலை ஏறும் ரயிலை விட்டால் இந்தத் தீவில் வேறு ரயிலே கிடையாது. அதையெல்லாம் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதைப் புதிய முறை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. எங்கள் பள்ளிகளில் காலம் காலமாக நடப்பது இதுதான். கடையில் மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்கி, உருப்போட்டு, பரீட்சையில் அப்படியே கக்குவது. ஆறாம் ஆண்டுப் பரீட்சையையே அரசாங்கம் எடுத்துவிட்டது; மாதிரிக் கட்டுரையை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் கீச்சிடும், பிறகு பட்டென்று பிள்ளை விபத்தில் மாட்டிக்கொள்ளும். இந்தப் பழைய சரக்கைத்தான் அவர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நான் இதை ஒழித்துக்கட்ட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. எழுதுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும். கேட்பவருக்குப் புரியாவிட்டால் கேள்வி கேட்க வேண்டும். பிறகு சொன்னதை எழுத வேண்டும். அவ்வளவுதான். பேச்சு வழக்கு வந்தால் வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து மாறி வந்தவள். அப்பா இல்லை. அம்மா பாயான் லெப்பாஸில், நாங்கள் கில்லாங் என்று சொல்லும் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டர். நான் பார்த்த நாளிலிருந்து அவள் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. புத்தகத்தில் இருப்பதை எழுதுவாள். மறந்துபோனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள், 'எனக்குப் பிடித்த ஒருவர்' என்று எழுதச் சொன்னபோது, பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்துவிட்டு, தலை நிமிராமல் எழுதினாள்.

"எங்க அம்மா நைட் ஷிப்ட் முடிஞ்சு கில்லாங் பஸ்ஸில் வருவாங்க. நின்னுக்கிட்டே ரொட்டி சானாய் சாப்பிடுவாங்க. உட்கார்ந்தா தூங்கிடுவாங்க. அம்மா மூக்கு மேல மாஸ்க் போட்ட கோடு இருக்கும். அது மறையிறதுக்குள்ள நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். கோடு இல்லாத அம்மாவை நான் சனிக்கிழமைதான் பார்ப்பேன்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டேன். பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது. அது மறுபடி போய்விடாமல் இருந்தால் போதும், அந்த வருடத்துக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே டாக்டர் வந்து நின்றார். அவருக்கு 'முன்' ஒன்று வேண்டுமாம், 'பின்' ஒன்று வேண்டுமாம். வகுப்பு எழுதிய கட்டுரைகளை 'முன்' என்று கட்டாக அள்ளிக்கொண்டு போனார். இனி ஒரு தவணைக்கு என் கட்டுரைப் பாடவேளையில் அவருடைய உதவியாளர் ரயில் விடுவார். நான் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியரான குரு பெசாரிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அந்தப் பிள்ளை இப்பதான் சார் சொந்தமா எழுத ஆரம்பிச்சிருக்கு. இத கொண்டாந்து விட்டா எல்லாம் போச்சு."

"ஒரு டெர்ம்தான லா டீச்சர். பேப்பர்ல போட்டோ வரும், ஸ்கூலுக்கும் நல்ல பேரு" என்றார் அவர். நல்ல பெயரைக் கண்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

அந்தத் தவணை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குக் காந்தம் ஒட்டுவது ரொம்பப் பிடித்துப்போனது. யார் பெட்டி நீளம் என்று போட்டி வேறு. உவமை போதவில்லை என்றால் உதவியாளர் ஒரு டப்பாவை நீட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து அதைப் பெட்டியில் ஒட்ட வேண்டும். அந்தப் பெண் முதலில் தயங்கினாள். அவள் எழுதிய வரி ஒன்றை உதவியாளர் விரல் வைத்துப் படித்துப் பார்த்து, "இது எந்தப் பெட்டியிலயும் சேராதும்மா" என்று அழித்தார். அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை. டப்பாவில் முதல் ஆளாகக் கையை விட்டாள்.

வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கெலுகோரில் ஒரு மண்டபம் எடுத்து ஆய்வின் முடிவை அறிவித்தார்கள். பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பிரமுகருக்கு மாலை, கூட்டத்துக்குத் தின்னக் கறிபாப். எழுதுவதைப் பற்றிப் பேசக் கடைசியில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். அம்மா வேலை முடிந்து வந்து, தூங்காமல், குளித்த தலை காயாமல் வந்திருந்தார்.

டாக்டர் திரையில் 'முன்' என்று ஒரு கட்டுரையைக் காட்டினார். அவளுடையது. பெயரை மறைத்திருந்தார்கள், ஆய்வு நெறியாம். கையெழுத்தை மறைக்கத் தோன்றவில்லை. மகளின் கையெழுத்து தாய்க்குத் தெரியாதா? அவர் முதுகு நிமிர்ந்தது.

டாக்டர் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். 'தூங்கிடுவாங்க' என்ற இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "முன்னுரை இல்ல, அணி இல்ல, நன்னெறி இல்ல. ரொட்டி சானாய் மட்டும் இருக்கு" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பாவாடை நுனியைச் சுருட்டினாள்.

பிறகு 'பின்'. அதுவும் அவளுடையதுதான். நிலவு முகமும் மலர் போன்ற சிரிப்பும் உடைய தாய், வைகறையில் துயில் எழுந்து, வாசலில் கோலமிட்டு, மல்லிகைப் பூப் போன்ற இட்லி அவிக்கிறாள். அவளும் அம்மாவும் குடியிருக்கும் அடுக்குமாடியில் வாசலில் செருப்பு விடவே இடம் கிடையாது. வைகறையில் அவளைப் பெற்ற அம்மா பஸ்ஸில் தலை தொங்க வந்துகொண்டிருப்பார். மண்டபம் கைதட்டியது. அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பரிசுப் பொட்டலமும், சட்டம் போட்ட 'பின்' கட்டுரையும் கொடுத்தார்கள்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். "டாக்டர், இந்த ரெண்டுல எது உண்மைன்னு பாத்தீங்களா?"

"நல்ல கேள்வி டீச்சர். ஆனா உண்மை எங்க மதிப்பீட்டுல ஒரு கூறு இல்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் வேளையில் அந்த அம்மா என்னிடம் வந்தார். "டீச்சர், மொதல்ல ஒண்ணு காட்டுனாங்களே, அதுல ஒரு காப்பி கெடைக்குமா? நான் வெச்சிக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள். "அது வேணாம்மா. அது தப்பா எழுதுனது. எல்லாரும் சிரிச்சாங்கல்ல?" சட்டத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். "இத மாட்டலாம்."

அவர் கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டத்தைக் கிட்டத்தில் பிடித்து, உதடு அசைய மெதுவாகப் படித்தார். படித்து முடித்து மகளைப் பார்த்தார்.

"இது யாருடி?"

"அது கட்டுரையில வர்ற அம்மா" என்றாள் பெண். "அம்மாவப் பத்தி அப்படித்தான் எழுதணும்."