அப்பா ஏறிய பன்னிரண்டு படிகள்

என் அப்பா முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். கூட வேலை செய்தவர்கள் அவரை ‘பிரேக்’ என்று கூப்பிட்டார்கள். அது பாராட்டு இல்லை. லிஃப்ட் ஒருமுறை நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று தெரியும்வரை அவர் அதை ஓட விடமாட்டார். மெயின் சுவிட்சை இறக்கி, ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கட்டிடக்காரர்கள் பின்னாலேயே ஓடிவருவார்கள்.

“அதுவாவே சரியாப் போச்சு சார். இப்ப நல்லாத்தானே ஓடுது?”

“எது சரி பண்ணுச்சுன்னு சொல்லுங்க. இப்பவே திறந்து விடறேன்.”

நாங்கள் குடியிருந்தது ஆறாவது மாடியில். அந்த லிஃப்ட் ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று, பிறகு தானாகவே கிளம்பியது. அப்பா பதினோரு நாள் பூட்டிவைத்தார். அம்மாவுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரே ஒரு தடவ விடுங்களேன். நான் ஏறினதும் பூட்டிக்கோங்க.”

“நீ ஏறும்போது அறுந்து விழுந்தா?”

“விழட்டும். அதோட முட்டி வலி தீரும்.”

அப்பா பையை வாங்கிக்கொண்டு மேலே போனார். அம்மாவை வாங்கிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள், கதவு சுவிட்சுக்குள் முறிந்திருந்த, நூல் கனமே உள்ள ஒரு கம்பியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து அவளிடம் காட்டினார். அவள் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

எனக்கும் பழுது பார்ப்பதுதான் தொழில். ஆஸ்பத்திரி மானிட்டர்களைப் பார்க்கிறேன். எங்கள் வழி வேறு. சந்தேகப்படும் பாகத்தை மாற்றுவோம். பழுது போய்விட்டால் அந்தப் பாகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போவோம். ஒரு நாளைக்கு இருபது மெஷின் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இது பிடிக்காது. “நீ மாத்தினதால போச்சா, மாத்தும்போது போச்சா? அதச் சொல்லு முதல்ல” என்பார்.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, எழுபத்து நான்கு வயதில், அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் மறுவாழ்வு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மூன்று வாரம் தங்கவைத்து மறுபடி நடக்கப் பழக்குவார்கள். மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை ஒரு சோதனை இருந்தது. யார் கையும் பிடிக்காமல் பன்னிரண்டு படி ஏறி இறங்கினால் வீடு. முடியாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லம்.

அடுத்த கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார். அவருக்கு முந்தின வாரமே இல்லம் என்று முடிவாகிவிட்டது.

“அது டெர்மினஸ் அண்ணே. போற பஸ் உண்டு. வர்ற பஸ் கிடையாது.”

“நான் வரமாட்டேன்” என்றார் அப்பா.

“நானும் அப்படித்தான் சொன்னேன். சீட் போட்டு வெச்சிருக்கேன், மெதுவா வாங்க.”

அன்று மாலை அப்பா என்னிடம் சொன்னார்: “என்ன அங்க போட்டுறாத. படியில விழுந்து சாகறேன், பரவால்ல.” அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அந்த வார்டில் நோயாளிகளின் மார்பில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடுவார்கள். இதயம் துடிக்கும் தாளத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் பயிற்சியாளர் கையில் இருக்கும் திரை கத்தும். கத்தினால் நோயாளியை உட்காரவைத்துவிட வேண்டும். அன்றைய பயிற்சி ரத்து.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, நான்காவது படியில் கத்தியது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது படியிலேயே கத்தியது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு வேலையில் அது முதல் வருடம். அப்பா அவளை ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்பார்.

“சார், உக்காருங்க. இத டாக்டருக்கு அனுப்பிடறேன்.”

“அனுப்பினா?”

“அவர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் படி ஏற வேணாம்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுவாரா?”

அவள் திரையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

திரையை வாங்கினேன். கோடு மேலும் கீழும் நெளிந்துகொண்டிருந்தது. பட்டையின் ஓரம் வியர்வையில் பிரிந்திருந்தது. பத்து அலாரத்தில் ஒன்பது இப்படித்தான் வரும். இதே மாதிரிக் கருவிகள் நூற்றுக்கணக்கில் என் கை வழியாகப் போயிருக்கின்றன. பட்டையைப் பிடுங்கி, தோலைத் துடைத்து, புதியதை ஒட்டினேன். கோட்டின் நெளிவு நின்றது. துடிப்பு ஒரே சீராக வந்தது.

“பேட்ச்தான். ஒட்டாம இருந்திருக்கு. டாக்டருக்கு அனுப்ப ஒண்ணும் இல்ல” என்றேன்.

“கண்டிப்பாவா அக்கா?”

“இது என் வேலைம்மா.”

அப்பா கேட்டார்: “நீ மாத்தினதால போச்சா?”

“ஆமாப்பா. மாத்தினதாலதான்.”

அவர் என்னைப் பார்த்தார். கட்டிடக்காரர்களை விரட்டியது போல என்னையும் விரட்டுவார் என்று நினைத்தேன். “சரி” என்று எழுந்துவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, காரணத்தைத் தன் கண்ணால் பார்க்காமல், அவர் பூட்டைத் திறந்தார். நான் சொன்னேன் என்பதற்காக.

புதன்கிழமை மறுபடி கத்தியது. மறுபடி பட்டையை மாற்றினேன். இந்த முறை அது அடங்க அரைமணி ஆனது. கருவியின் செட்டிங்ஸுக்குள் போய், தாளம் தப்பினால் கத்துகிற அலாரத்தை அணைத்தேன். சர்வீஸ் ஆட்களின் கடவுச்சொல் எனக்கு மனப்பாடம். ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்தில்தான் நின்றாள். தடுக்கவில்லை. அக்காவுக்குத் தெரியும் என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை அப்பா பன்னிரண்டு படியும் ஏறினார். உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே சக்கர நாற்காலியில் இருந்த கண்டக்டரைப் பார்த்தார்.

“என் சீட்ட வேற யாருக்காவது குடு.”

“இறங்குங்க அண்ணே. இறங்கினாத்தான் கணக்கு.”

இறங்கினார். வார்டே கைதட்டியது. அப்பா சிரித்தார். முன்பற்களில் ஒன்று இல்லை என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பொத்தானில் அவருடைய வலது கை நின்றது. பிறகு வாய் ஒரு பக்கம் இழுத்தது. தாளம் தப்பிய இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறையும். அப்படி உறைந்த ரத்தக்கட்டி ஒன்று மூளைக்கு ஏறியிருந்தது. நாலைந்து நாள் முன்பே தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

கருவியின் நினைவகத்தை நானே இறக்கிப் பார்த்தேன். ஐந்து நாளில் ஒன்பது முறை தாளம் தப்பியிருந்தது. மொத்தம் ஏழு மணி நேரம். செவ்வாய்க்கிழமை நான் பட்டையை ஒட்டிய அதே நிமிடத்தில் துடிப்பு தானாகவே சரியாகியிருந்தது. மாற்றும்போது போயிருக்கிறது. மாற்றியதால் இல்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் தாழ்வாரத்தில் அழுதுகொண்டு நின்றாள். “டாக்டருக்கு நான் அனுப்பியிருக்கணும்க்கா. என் தப்பு.” நான் மறுக்கவில்லை. மேலதிகாரிகள் கேட்டபோதும் அவள் அதையே சொன்னாள். வேலை போயிற்று.

அப்பாவுக்குப் பேச்சும் வலது பக்கமும் போயிருந்தன. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லை. அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். எதிர்க் கட்டிலில் கண்டக்டர் இருந்தார். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் அப்பாவின் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“அப்பா. அது பேட்ச் இல்ல. நெஜமாவே நின்னு நின்னு ஓடியிருக்கு. நான் பூட்டியிருக்கணும்.”

முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று நாள் போனது. அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன்.

“கோபம்னு நினைச்சுக்காதீங்க. மூளையில இந்த இடத்துல அடிபட்டா பார்வை இடது பக்கமே இழுக்கும். வலது பக்கம் யார் இருக்கான்னே தெரியாது.”

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் இடது பக்கம் போட்டேன். அவர் பார்வை நேராக விழும் இடம். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து போகும்வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் இறந்துபோனார்.