கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்ட இதழ்

ஹை-ஃபை ஆடியோவுக்கென்றே தமிழில் ஒரு மாத இதழ் முடிச்சூரிலிருந்து வருகிறது என்றால் பலர் நம்புவதில்லை. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டு ஹாலில் தொடங்கினார்; அவர்தான் ஆசிரியர். முதல் சில இதழ்களைத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்தோம். பிறகு அச்சுக்கு வந்தது. இன்றும் தபாலில்தான் போகிறது.

நான் பத்தாவது படித்தவன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையில் வேலை. எனக்குப் பேச்சு வராது, படம் வரும். வாசகர்கள் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்ய மாதம் ஒரு சர்க்யூட் வரைந்து தருவேன். அதை நானே செய்து, பாட்டுக் கேட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

ஒரு மாதம் செட் அருமையாகப் பாடியது. அந்தச் சந்தோஷத்தில், அழகாக இருக்கட்டும் என்று படத்தை மறுபடி வரைந்தேன். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிட்டன. அப்படியே மாட்டினால் வீங்கி வெடிக்கும். குனிந்து பார்ப்பவருக்குக் கண் போகலாம். இதழ் தபாலில் போன பிறகே கவனித்தேன்.

ஆசிரியர் திட்டவில்லை. வாசகர்களின் போன் எண்கள் இருந்த சந்தா நோட்டை என் முன்னால் வைத்தார்.

"சார், நீங்க சொல்லிடுங்களேன். எனக்குப் பேச வராது."

"பாதி நான் பண்றேன். பாதி உங்களுது. வெடிச்ச அப்புறமா பேசுவீங்க?"

முதல் எண்ணைப் போட்டேன். எடுத்தவர் சிரித்தார். "படம் போடுறவரா? நீங்க ஊமைன்னு நெனச்சுகினு இருந்தேன் சார்."

எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாக்கம் குடியிருப்பில் தையல் வேலை செய்யும் அக்கா மட்டும் போனை எடுக்கவில்லை. இதழ் வந்த அன்றே செய்து பார்ப்பவர் அவர். பயத்தில் பஸ் ஏறிவிட்டேன். மாடிப்படியிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது.

"தப்பா போட்டிருந்தீங்க, திருப்பி வச்சேன்" என்றார் அவர். "உங்க படத்தப் பாத்து எத்தினி செட்டு பண்ணிருக்கேன், இதுகூடவா தெரியாது?"

"போன் எடுக்கலியே அக்கா."

"பாட்டு ஓடிகினு இருந்துச்சு. எங்க கேக்குது?"

என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அச்சுக்குப் போகும் முன் படத்தை ஒருமுறை பார்த்துத் தருவாரா என்று கேட்டேன். அன்று நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். இப்போது ஒவ்வொரு மாதமும் படம் முதலில் அவர் போனுக்குத்தான் போகிறது. இதுவரை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்.