ஆடு மேய்ந்த பிறகு மிஞ்சியவை

தீவனப் பண்ணையில் எல்லோருக்கும் அவள் 'மசாலக்கா'. புதிதாக வந்த காவலாளி, கேன்டீனில் சமைக்கிறவள் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தாராம். அவள் ஆராய்ச்சி செய்து ரகம் உருவாக்கியது குதிரை மசாலில்: படைக் குதிரைகளின் தீவனமாக நாடு நாடாகப் பரவிய, ஊதாப் பூப் பூக்கும், அவரை இனத்துச் செடி.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே நோக்கம்: இன்னும் உயரம், இன்னும் தழை. அரிவாளால் அறுத்து, எடைபோட்டு, கனத்ததிலிருந்து விதை எடுப்பாள். அப்படி உருவான ரகம் இடுப்பளவு வளர்ந்தது. அதை வெளியிட்ட அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருடம் ஆடு வளர்ப்பவர் ஒருவர் வந்து நின்றார். அவரிடம் கோபம்கூட இல்லை.

"அக்கா, நீங்க குடுத்த மசால் ஜோரா வந்துச்சு. ஆட்டை விட்டேன், அவ்வளவுதான். பாதிக்கு மேல பட்டுப்போச்சு."

"அளவுக்கு மீறி மேய விட்டிருப்பீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவருடைய மேய்ச்சல் நிலத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்தாள். அரிவாள் ஒரு முறை வெட்டிவிட்டுப் போய்விடும். செடி மூச்சு வாங்கிக்கொள்ளும். ஆடு அப்படியா? துளிர்க்கத் துளிர்க்கத் திரும்பி வந்து கடித்தது, மிதித்தது. இத்தனை வருடமாகத் தன் பாத்திகளுக்குள் ஓர் ஆட்டைக்கூட அண்டவிடாமல் கம்பிவேலி போட்டுக் காத்தது அவள்தானே?

"ஆராய்ச்சிப் பாத்தியில ஆட்டை விடணும் சார்" என்றாள் இயக்குநரிடம்.

"என்னம்மா, விளையாடுறீங்களா? உங்க ரகமும் அங்கதானே நிக்குது?"

"அதையும் சேர்த்துத்தான்."

ஒருவழியாக அனுமதி கிடைத்த அன்று, வீட்டில் கணவர் கேட்டார்: "மனசு வருமா உனக்கு?"

"வராதுங்க. அதனாலதான் நாளைக்கே திறந்துவிடப் போறேன்."

மந்தை உள்ளே நுழைந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மாதக்கணக்கில் மேய்ச்சல் நடந்தது. உயரமானவை, அவளுடைய ரகம் உட்பட, ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின. மிஞ்சியவை, தேறாது என்று அவளே ஒதுக்கியிருந்த குட்டைச் செடிகள். புதுத் துளிர் கிளம்பும் அடிக்கட்டை அவற்றுக்கு மண்ணுக்குள் புதைந்திருந்ததால் ஆட்டின் பல் எட்டவில்லை. அவற்றின் விதையை விதைத்து, மறுபடி ஆட்டை விட்டாள். தலை நரைக்கும்வரை இதே வேலைதான்.

புதிய ரகத்தை அறுத்து எடைபோட்டால் பழையதைவிடக் குறைவு. அதனால் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. ஆனால் அந்த ஆட்டுக்காரரின் நிலத்தில், வருடக்கணக்காக மந்தை மேய்ந்தும் பசுமை நின்றது.

"பார்க்க ஒண்ணும் லட்சணமா இல்லையேக்கா" என்றார் அவர்.

"இல்லைதான்" என்று சிரித்தபடி குனிந்து, ஒரு செடியின் அடி மண்ணை விலக்கினாள். கீழே வெளுத்த முளைகள் முட்டிக்கொண்டிருந்தன.