மகாராஜாவின் துண்டு

தென்காசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சஃப்ரினுக்கு வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு வருடத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்றுதான்: கம்ப்யூட்டர்கள் பாவம்.

குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் மகாராஜா இந்தச் சீசனில் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார். "காலையில கம்ப்யூட்டர்ல நெட்டு கேபிள்ல இருந்து வைஃபைக்குத் தாவுதும்மா. மத்தியானம் தானாத் திரும்பிருது. பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

முன்பு இரண்டு தடவையும் சாயங்காலம் வந்து, எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போயிருந்தாள். இந்தத் தடவை விடிந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு மணிக்கு மகாராஜா அருவியில் குளித்துவிட்டு வந்தார். ஈரத் துண்டை உதறி, சுவரோரம் தொங்கிய இன்டர்நெட் கேபிளில் விரித்துப் போட்டார். பாரத்தில் கேபிள் இழுபட்டு, கம்ப்யூட்டரில் செருகியிருந்த கிளிப் உடைந்த முனை லேசாக நழுவியது. திரையில் வைஃபை வந்தது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு வேற கொடியே கிடைக்கலையா?"

"சாரல்ல வெளிய எங்கன காயுது? இங்கன ஃபேன் காத்து வருதுல்லா. மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும், எடுத்துருவேன்."

சஃப்ரின் சர்வீஸ் தாளில் 'பழுதான பாகம்' என்ற இடத்தில் 'மேனேஜரின் துண்டு' என்று எழுதி நீட்டினாள்.

மகாராஜா நிதானமாக வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

"சரிம்மா, அப்ப புதுத் துண்டு எப்பக் கொண்டாருத?"