ஆண்டவருக்குக் கொடுத்த சோபா

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கவர் அக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அவளுக்குச் சலவைக்கடையில் வேலை. இஸ்திரி போட்ட துணியை ஹேங்கரில் மாட்டி, மேலிருந்து பிளாஸ்டிக் கவரை இறக்கி, கீழே முடிச்சுப் போட வேண்டும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்குக் கவர், பிரிட்ஜ் கைப்பிடிக்குக் கவர், பைபிளுக்குக் கவர் மேல் கவர். புருஷன் ஒருவர்தான் பாக்கி.

எல்லாவற்றுக்கும் மேலே சோபா. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது; வெண்ணெய் நிறம். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை அவள் இன்னும் பிரிக்கவில்லை. "விருந்தாளிங்க வந்தா வேணும்ல?" என்பாள். விருந்தாளிகள் வந்தால் நாற்காலியைக் காட்டுவாள். புருஷன் வங்கி வாசலில் நாள் முழுக்க நிற்கிற காவலாளி. சாயங்காலம் வந்து அடுப்படி ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். சோபாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதற்கு வாயைத் திறக்கலாம், எதற்குக் கூடாது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்ட மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், "உங்க வீட்டுல இருக்கிற ஒரு சாதாரணப் பொருளை மனசுக்குள்ள ஆண்டவருக்குக் கொடுத்துடுங்க. யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம். அவர் கேக்கும்போது மறுக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

கவர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். மிக்சியா? வேண்டாம், எதிர்வீட்டுக்காரி நாளைக்கே கேட்டு வந்து நிற்பாள். அயர்ன் பாக்ஸ்? அதுவும் ஆபத்து. சோபாதான் சரி என்று பட்டது. ஆண்டவரே வந்து உட்கார்ந்தாலும் கறை படாது. கொடுத்த மாதிரியும் ஆச்சு, வீட்டிலேயே இருந்த மாதிரியும் ஆச்சு. 'சோபா உமக்குத்தான் ஆண்டவரே' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டை வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினாள்.

ஆண்டவர் அந்த வாரமே ஆள் அனுப்பிவிட்டார். அனுப்பிய ஆள்தான் சரியில்லை.

மூன்றாவது மாடி மீன்காரர் சந்தையில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினார். லிப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டிருந்தது. அன்று கவர் அக்காவுக்கு விடுமுறை, வீடும் தரைத்தளம். கூட வந்த வேன்காரர் மீன்காரரைத் தாங்கிப் பிடித்திருக்க, அவர் மனைவி கதவைத் தட்டினாள்.

"அக்கா, மேல தூக்கிட்டுப் போக இவரு தம்பிங்க சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் உள்ள படுக்க வச்சுக்கட்டுமா?"

அவர் சட்டையெல்லாம் செதில் மின்னியது. வாடை அவருக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

"கட்டில்ல படுக்க வைங்க" என்றாள் கவர் அக்கா அவசரமாக. கட்டில் உள்ளறையில். நீட்டிய கால் அந்தக் குறுகலான திருப்பத்தில் திரும்ப மறுத்தது. தரையில் பாய் விரிக்கலாம் என்றால், கீழே இறக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. எல்லார் கண்ணும் சோபாவுக்குப் போனது.

அவள் வாக்குக் கொடுத்தது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'அது ரிப்பேர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'ஆண்டவரே, இவரா? வேற ஆளே கிடைக்கலையா?' என்று கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. மீன் வாடைதான் வந்தது.

"அதுல படுக்க வைங்க" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

படுக்க வைத்தார்கள். பிளாஸ்டிக் வழுவழுவென்று இருந்ததால் மாவுக்கட்டின் கனம் இழுக்க, மீன்காரர் மெல்லக் கீழே சரிந்தார். மனைவி மேலே ஏற்றினாள். மறுபடி சரிந்தார்.

"இத்தனை வருஷமா மீனை வழுக்க வழுக்கப் புடிச்சேன், இப்ப நானே வழுக்குறேன்" என்று சிரிக்கப் பார்த்தார். வலியில் கண் கலங்கிவிட்டது.

கவர் அக்கா அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். சர்ரென்று பிளாஸ்டிக் கிழிந்தபோது தன் வயிற்றையே கிழித்தது போல இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. காலுக்கடியில் தலையணையும் வைத்தாள். மீன்காரர் வாயைப் பிளந்து தூங்கிப்போனார். குறட்டை மூன்றாவது மாடிக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் தம்பிகள் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் ஈரத்துணியோடு சோபா முன் நின்றாள். கறை தேய்க்கத் தேய்க்கப் பரவியது. அந்த நேரம் புருஷன் வந்தார். துணியில்லாமல் நிற்கிற ஆளைப் பார்த்தது போலச் சோபாவைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். வாயைத் திறக்காமல் முக்காலிக்குப் போய் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கால் வீங்கியிருந்தது, ஷூ வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

மீன்காரர் காலுக்குப் பார்த்துப் பார்த்துத் தலையணை வைத்தவள் ஈரத்துணியைக் கீழே போட்டாள். இந்தக் கால் தினமும்தானே வீட்டுக்கு வந்தது!

"அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? சோபாவுக்கு வாங்க."

அவர் திகைத்துப்போய் வாசலைப் பார்த்தார். "ஏன், யாராச்சும் வராங்களா?"

"நீங்க வந்துட்டீங்கல்ல, வாங்க."

அவர் தயங்கித் தயங்கி எழுந்து வந்தார். மீன் செதில் ஒட்டியிருந்த அந்தச் சோபாவில் உட்காரும் முன், பேண்ட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டார்.