அசையாதே அக்காவின் கருவிழி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் ‘அசையாதே அக்கா’தான். லேசர் சிகிச்சைக்கு முன்னால் கருவிழியின் மேடு பள்ளத்தை அளந்து படமெடுப்பது அவள் வேலை. “தாடைய வைங்க, நெத்திய ஒட்டுங்க, அந்தச் செவப்பு வெளிச்சத்தப் பாருங்க, அசையாதீங்க!” என்று அவள் போடும் அதட்டலில் போலீஸ் அதிகாரிகூட மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அளவு மயிரிழை தப்பினால் லேசரும் தப்பிவிடுமே, அதட்டாமல் என்ன செய்வாள்?

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் கண்ணாடியைக் கழற்ற வழி பண்ணியவள் மூக்கில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. “என்னக்கா, உங்க கடைச் சரக்க நீங்களே வாங்கலையா?” என்று வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். “என் கருவிழி கோணல். லேசர் ஆகாதுன்னு டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க” என்று சிரித்துச் சமாளிப்பாள். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

ஏனென்றால் அவளுக்கு நீச்சல் என்றால் உயிர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாலோ உலகமே புகைமூட்டம். கல்யாணமான புதிதில் ஒருநாள், நீச்சல்குளத்தில் வீட்டுக்காரர் என்று நினைத்து முன்பின் தெரியாத ஒரு மனுஷரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்! அவர் போட்ட கூச்சலில் குளமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் குளத்தில் இறங்குவார். அவளும் அந்த ஆரஞ்சுப் புள்ளியைக் குறிவைத்தே நீந்துவாள்.

“தொப்பி இல்லாம உங்கள நானே கண்டுபிடிக்கணுங்க. ஒரே ஒருதடவ போதும்” என்பாள். பெரிதாக வேறொன்றும் அவள் ஆசைப்பட்டதில்லை.

இப்படியிருக்க, ஆஸ்பத்திரிக்குப் புது அளவைக் கருவி வந்தது. கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம், கனம் எல்லாவற்றையும் இமைப்பதற்குள் அளந்துவிடுமாம். அதைப் பொருத்த வந்த இன்ஜினியர், “அக்கா, சோதிச்சுப் பாக்க ஒரு கண்ணு வேணுமே” என்றார்.

“என் கண்ணா? ஒங்க மெஷினுக்குத் தலை சுத்திடும் தம்பி.”

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா? இமைத்தாள், நெளிந்தாள், பொத்தானைச் சரியாக அழுத்துகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். “அக்கா, அசையாதீங்க!” என்று இன்ஜினியர் அதட்ட, வாசலில் நின்ற நர்ஸுகளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

திரையில் படம் விழுந்தது. கோணலே இல்லை!

“மெஷின் பழுது” என்று ஒரே போடாகப் போட்டாள். ஆனாலும் ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். அவர் பழைய கருவியிலும் இன்ஜினியரை விட்டு எடுக்கச் சொன்னார். அதிலும் கோணல் இல்லை.

“அப்போ, அந்தப் பழைய படத்த எடுத்தது யாரு?”

அவள் திருதிருவென்று விழித்தாள். “நான்தாம்மா.”

அடப் பாவமே! அடுத்தவர் கையை நம்பாமல், தாடையை வைத்தபடியே கையை நீட்டி, பொத்தானைத் தானே தடவி அழுத்தியிருக்கிறாள். சாய்ந்தது தலை, பழி விழுந்தது கருவிழியின் மேல். ஒருதரம் ஆகாது என்றார்களே என்று அவளும் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. நீ உன் கண்ணையே நீயே அளந்திருக்கியே!” என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு எடுத்ததுன்னு நானாவது கேட்டிருக்கணும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. டாக்டரம்மா அவசரப்படவில்லை. சில வாரம் விட்டு மறுபடியும் அளந்தார். கனமும் போதும், படமும் மாறவில்லை என்று உறுதியான பிறகே லேசர் செய்தார்.

குளத்தில் இறங்கலாம் என்று அவர் தலையாட்டிய அன்று சாயங்காலமே அவள் அங்கே நின்றாள். தண்ணீர் முழுக்கத் தலைகள். ஆரஞ்சுத் தொப்பி ஒன்றுகூட இல்லை. வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். அதோ, எதிர்மூலையில், ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு!

குதித்தாள். ஒரே மூச்சில் நேரே போய்ச் சேர்ந்தாள்.

“எப்படிடி கண்டுபிடிச்ச?” என்று அவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

அவள் அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அசையாதீங்க” என்றாள். “நான் இன்னும் பாத்து முடிக்கல.”